முன்ன மாதிரி

பெயிண்ட் கடையில் சாயம் கலக்கிறவனுக்குச் 'சொட்டு' என்று பெயர் வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. யாராக இருந்தாலும் ஆளை அளந்துதான் வைத்திருக்கிறார்கள். கடைக்கு வருகிறவர்கள் "கொஞ்சம் நீலம் தூக்கலா இருக்கட்டும்" என்பார்கள். "எத்தனை சொட்டு தூக்கல்?" என்று அவன் கேட்பான். டப்பாவை மூடிக் கொடுத்த பிறகும் சந்தேகம் வந்து, வாங்கினவர் கையிலிருந்து திரும்ப வாங்கி, திறந்து பார்த்துத் தருவான். வீட்டைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பான். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பான். அப்படிப்பட்ட ஆள் ஒரே ஒரு சொல்லை இழுத்துப் பார்க்காமல் விட்டதுதான் இந்தக் கதை.

அந்தச் சொல்லைக் கொண்டுவந்தவன் அவனுடைய மச்சினன், அதாவது மனைவியின் தம்பி. பகலில் லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை, சாயங்காலம் இயற்பியல் வகுப்பு. வகுப்பில் என்ன பாடம் நடக்கிறதோ அது அந்த மாதம் முழுக்கச் சொந்தபந்தங்களின் தலையில் விடியும். காந்தம் நடந்த மாதத்தில் பெரியம்மாவின் மூட்டுவலிக்குக்கூட அவனிடம் ஒரு விளக்கம் இருந்தது. இப்போது காலமும் என்ட்ரோபியும் நடந்துகொண்டிருந்தன. ஆனால் அன்றைக்குக் கடைக்குள் வந்தவன் பாடம் எடுக்கவில்லை. கல்லாவில் இருந்த முதலாளியம்மாவுக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு நேராகக் கலவை மேஜைக்கு வந்தான்.

"மாமா, அக்கா போன்ல பேசினா. உள் ரூம் முன்ன மாதிரி ஆனா வர்றேன்னு சொல்லச் சொன்னா. ஞாயித்துக்கிழமை வந்து பாப்பாளாம்."

சொட்டு கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்தான். அவள் அம்மா வீட்டுக்குப் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இத்தனை காலத்தில் அவளிடமிருந்து 'வர்றேன்' என்று வந்த முதல் செய்தி இது. "சரியாச் சொன்னாளா? முன்ன மாதிரின்னா?" என்று கேட்டான். அப்படித்தான் என்று மச்சினன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

சொட்டுவின் மனைவி பல் செட் செய்கிறவள். ஒரு பல் மருத்துவருக்குப் பின்கட்டில் இருக்கும் சின்னக் கூடத்தில், மெழுகும் பொடியும் வைத்துக்கொண்டு, யார் யாருக்கோ போன பல்லைத் திரும்பக் கொடுக்கிறவள். அவர்கள் இருவரையும் சேர்த்துவைத்ததே வெள்ளை நிறம்தான். கல்யாணத்துக்கு முன்பு ஒருநாள், கூடத்துச் சுவருக்கு வெள்ளை வாங்கக் கடைக்கு வந்தவளிடம் இவன் பெருமையாக ஏழெட்டு வெள்ளையை எடுத்துக் காட்டினான். அவள் ஒவ்வொன்றையும் பார்த்து, இது சிகரெட் பிடிக்கிறவர் பல், இது பால்பல், இது டீ குடிக்கிறவர் பல் என்று சொல்லிக்கொண்டே போனாள். சொட்டுக்கு அன்றைக்கே பாதி மனசு போய்விட்டது.

வீட்டில் இரண்டே அறைகள். முன்னறை வெள்ளை. உள்ளறைக்கு மஞ்சள் அடித்தது அவள் கர்ப்பமாக இருந்தபோது. இயந்திரத்தில் எண் தட்டாமல், கண்ணால் பார்த்துக் கையால் கலந்து, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே அடித்த மஞ்சள் அது. ஏழாம் மாதத்தில் எல்லாம் முடிந்துபோயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிவந்த அன்று சொட்டு அந்த அறையைப் பூட்டினான். பூட்டை இழுத்துப் பார்த்தான். அப்புறம் திறக்கவே இல்லை.

அவள் கேட்டுப் பார்த்தாள். அறையைத் திறக்கலாம் என்றாள். அதைப் பற்றி ஒரு நாளாவது உட்கார்ந்து பேசலாம் என்றாள். அவன் அடுப்பில் பால் பொங்குகிறது என்பான், குழாயை மூடினோமா என்று எழுந்து போவான். "இப்ப எதுக்கு அது" என்பதுதான் அதிகபட்சமாக அவன் சொன்னது. கடைசியில் அவள் தன் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனாள். சண்டை இல்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானம் ஆகியிருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

இப்போது அவளே சொல்லியனுப்பியிருக்கிறாள். உள்ளறை முன்ன மாதிரி ஆனால் வருகிறேன் என்று. முன்பு இருந்தது போல மஞ்சளாக, அந்த நாளைப் போல. அப்படியென்றால் அவளும் அந்த நாளுக்குத் திரும்பத்தான் ஆசைப்படுகிறாள். சொட்டுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அன்று சாயங்காலம் மச்சினனைத் துணைக்கு வைத்துக்கொண்டு பூட்டைத் திறந்தான். கதவைத் தள்ளியதும் அப்படியே நின்றுவிட்டான். உள்ளே எல்லாம் அப்படியே இருக்கும் என்று நினைத்திருந்தான். அறையோ அவனைக் கேட்காமலே வயதாகியிருந்தது. ஜன்னல் வழியாக வந்த வெயில் எதிர்ச்சுவரைத் தின்று தவிட்டு நிறமாக்கியிருந்தது. மூலையில் ஈரம் ஏறிப் பழுப்புக் கோடு விழுந்திருந்தது. அலமாரியை நகர்த்தியபோது மட்டும், அதன் முதுகு மறைத்திருந்த இடத்தில், அன்றைக்கு அடித்த மஞ்சள் ஈரம் காயாதது போல இருந்தது. ஒரே அறையில் மூன்று மஞ்சள்.

"இதுல எது மாப்ள முன்ன?" என்று சொட்டு கேட்டான். "அடிச்ச அன்னைக்கு இருந்ததா, அவ போன அன்னைக்கு இருந்ததா?"

மச்சினன் தாடையைச் சொறிந்தான். இது ரொம்ப ஆழமான கேள்வி, வாத்தியாரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றான். அவன் வாத்தியாரிடம் கேட்பதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும் என்று சொட்டு தானே முடிவெடுத்தான். அலமாரிக்குப் பின்னால் இருந்த மஞ்சள்தான் 'முன்ன'. அதிலிருந்து ஒரு செதிலைச் சுரண்டித் தாளில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

மறுநாளிலிருந்து கடையில் வேலை முடிந்ததும் மஞ்சள் வேட்டை தொடங்கியது. இயந்திரத்தில் அந்த மஞ்சளுக்கு எண் கிடையாது. கையால்தான் பிடிக்க வேண்டும். முதல் டப்பாவில் காவி ஒரு சொட்டு கூடிப்போயிற்று. அதைச் சரிக்கட்ட வெள்ளை ஊற்றினான். வெளிறிப்போயிற்று. மஞ்சளை ஏற்றினான், பச்சை அடித்தது. பச்சையை அடக்கச் சிவப்பு விட்டான், பழைய காவியே தேவலை என்று ஆகிவிட்டது. ஒரு டப்பா இரண்டாகி, இரண்டு நாலாகி, கடைசியில் மேஜைக்கடியில் கால் வைக்க இடமில்லை. முதலாளியம்மா எட்டிப் பார்த்து, "என்ன சொட்டு, ஊருக்கே மஞ்சள் அடிக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டு, காலி டப்பா தீர்ந்துவிட்டது, இனி உன் சட்டைப்பையில் ஊற்றிக்கொள் என்று சொல்லிப் போனாள்.

வகுப்புக்குப் போகிற வழியில் தினமும் எட்டிப் பார்க்கிற மச்சினன் வெள்ளிக்கிழமையும் வந்து ஒரு டப்பாவின் மேல் உட்கார்ந்தான். சொட்டு ஒரு குச்சியால் கலவையைத் தூக்கி, சுவர்ச் செதிலோடு வைத்துப் பார்த்து, பெருமூச்சு விட்டான். கூடிப்போன ஒரே ஒரு காவிச் சொட்டைத் திரும்ப எடுக்க ஒரு வழி இருந்தால் இத்தனை டப்பா இல்லை என்றான். அப்போது அவனுக்குப் பழைய விஷயம் ஒன்று ஞாபகம் வந்தது. டப்பாவைக் கவ்விச் சுழற்றிக் கலக்கும் குலுக்கு மிஷினுக்கு ஒருதரம் எலக்ட்ரீஷியன் ஒயரை இடம் மாற்றிக் கொடுத்துவிட்டார். மிஷின் தலைகீழாகச் சுற்ற ஆரம்பித்தது.

"திருப்பிச் சுத்துதே, கலந்தது பிரிஞ்சு வருமோன்னு ஒரு நிமிஷம் நெனச்சேன், மாப்ள. அதுவும் கலக்கத்தான் செஞ்சுது."

மச்சினன் எழுந்தே நின்றுவிட்டான். மூன்று வாரமாக வாத்தியார் கரும்பலகையில் மல்லுக்கட்டுவதும் இதுதான் என்றான். இரண்டு துகள் மோதிக்கொள்வதைப் படம் பிடித்து, முன்னும் பின்னுமாக ஓட்டினால் எது நேர், எது தலைகீழ் என்று யாராலும் சொல்ல முடியாதாம். தனித்தனியாகப் பார்த்தால் ஒரு துகளுக்கும் காலம் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாதாம். கூட்டமாகச் சேர்ந்தால்தான் திசை வருகிறதாம்.

"சாயம் தனியா ஒதுங்கி நிக்கறதுக்கு நாலே வழிதான் மாமா. கலந்து நிக்கறதுக்குக் கோடி வழி. சாயத்துக்கு ஆசையும் கெடையாது, கோவமும் கெடையாது. வழி அதிகமா இருக்கிற பக்கமா போய்ச் சேருது. எத்தனை வழி இருக்குங்கிற கணக்குக்குத்தான் என்ட்ரோபின்னு பேரு. அது ஏறிக்கிட்டே போறதாலதான் நேத்து வேற, நாளைக்கு வேறன்னு நமக்குத் தெரியுது."

"அப்ப அந்தக் காவி திரும்பி வரவே வராதா?"

"வரக் கூடாதுன்னு சட்டமெல்லாம் இல்ல. ஆனா நீங்க காத்திருந்தா கடை இருக்காது, ஊரு இருக்காது, சூரியனே இருக்காது."

சொட்டு அடுத்த டப்பாவின் மூடியைத் திறந்தான். "ஞாயித்துக்கிழமைக்குள்ள வராதுன்னு சொல்றே."

மச்சினன் சிரித்துக்கொண்டே வகுப்புக்கு ஓடினான். சொட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அவன் கை வேறு மாதிரி வேலை செய்ய ஆரம்பித்தது. இத்தனை நாளும் கூடினதைக் குறைக்கத்தான் பார்த்தான். குறைக்கவே முடியாது என்று தெரிந்த பிறகு, கெட்டுப்போன கலவையில் ஒரு கரண்டியை மட்டும் எடுத்து, அதையே சாயமாக வைத்துக்கொண்டு புது வெள்ளையில் விட்டான். இருட்டுவதற்குள் நிறம் வந்து உட்கார்ந்தது. குச்சி நுனியில் செதிலை ஒட்டியபோது செதில் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

சனிக்கிழமை விடுப்பு போட்டு அறை முழுக்க அடித்தான். மூலை ஈரத்தைச் சுரண்டிப் பூசினான். தப்பாய்ப் போன டப்பாக்களைக் கடையில் வைக்க முதலாளியம்மா விடாததால், தள்ளுவண்டியில் கொண்டுவந்து அறை ஓரத்தில் அடுக்கினான். ராத்திரி படுக்கும்போது, இத்தனை சரியாகச் செய்த வேலை வாழ்க்கையில் வேறு இல்லை என்று தோன்றியது. தோன்றிய மறுகணமே வழக்கம்போலச் சந்தேகமும் வந்தது. அவளுக்கே போன் போட்டு ஒரு வார்த்தை கேட்கலாமா? எழுந்து உட்கார்ந்தான். கேட்டு, அவள் வேறு ஏதாவது சொல்லிவிட்டால்? திரும்பப் படுத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவும் தம்பியும் வந்தார்கள். அவள் இளைத்திருந்தாள். தோளில் ஒரு பை. "நல்லா இருக்கீங்களா" என்றாள். "இருக்கேன்" என்றான். அவன் உள்ளறைக் கதவை அகலமாகத் திறந்துவிட்டு விலகி நின்றான்.

அவள் வாசற்படியைத் தாண்டவில்லை. அறை முழுக்க அந்த மஞ்சள். காலை வெயிலில் அது தகதகவென்று இருந்தது. அவள் முகத்தில் ஏதோ ஒன்று கீழே இறங்குவதைச் சொட்டு பார்த்தான்.

"இது எதுக்கு?" என்றாள்.

"நீதானே சொல்லியனுப்பினே. முன்ன மாதிரி இருக்கணும்னு."

அவள் மெதுவாகத் தம்பி பக்கம் திரும்பினாள். "நான் உங்கிட்ட என்னடா சொன்னேன்?"

"உள் ரூம் முன்ன மாதிரி ஆகணும்னு."

"முன்னால மாதிரின்னு சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதானேக்கா?"

ஊருக்கெல்லாம் ஒன்றுதான். அந்த வீட்டில் மட்டும் ஒன்றில்லை. அந்த வீட்டில் முன்னறைக்குப் பெயரே 'முன்னால'. முன்னால விளக்கைப் போடு, முன்னால கூட்டியாச்சா, சாவி முன்னால இருக்கு என்றுதான் கல்யாணமான நாளிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் பேசிவந்தார்கள். உள்ளறை முன்னால மாதிரி ஆகட்டும் என்றால், முன்னறையைப் போல அதுவும் வெள்ளையாக, காற்றோட்டமாக, நாலு பேர் புழங்கும் ஓர் அறையாக ஆகட்டும் என்று பொருள். அவள் சொந்தமாகப் பல் செட் வேலை எடுத்துச் செய்ய முடிவு செய்திருந்தாள். அந்த அறையில் மேஜை போட நினைத்திருந்தாள். இந்த வீட்டு வழக்கம் தெரியாத மச்சினன் 'முன்னால'வை 'முன்ன' ஆக்கிவிட்டான். ஓர் எழுத்தோ ஒன்றரை எழுத்தோ சிந்திப்போய், செய்தி திரும்பி நின்றுவிட்டது.

சொட்டு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். மச்சினன் முகம் வெளுத்து, தப்பு தன்மேல் இல்லை, தமிழின் மேல்தான் என்று ஆரம்பித்தான். நடந்துபோனதை 'முன்' என்கிறோம், எதிரில் இருப்பதையும் 'முன்' என்கிறோம், வரப்போவதைப் 'பின்' என்கிறோம், கேட்டால் முதுகுக்கும் அதே 'பின்'தான், அப்படிப் பார்த்தால் மனிதன் நேற்றைப் பார்த்துக்கொண்டே நாளைக்குள் பின்பக்கமாக நடக்கிறான், ஆகவே காலத்தின் திசை என்று—

"போய் மூணு டீ வாங்கிட்டு வா," என்றாள் அக்கா. "மெதுவா வா."

அவன் போனதும் அவள் உள்ளே வந்தாள். தொழில்காரி அல்லவா, கை தானாகச் சுவரைத் தடவியது. ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"அப்படியே புடிச்சிருக்கீங்க," என்றாள். "ஒரு மயிரிழை மாறல."

திட்டியிருந்தால் அவனுக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது. நாளைக்கே வெள்ளை அடித்துவிடுகிறேன் என்று அவசரமாகச் சொன்னான். அவள் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"பூட்டி வெச்சிருந்தீங்களே. எதுக்கு?"

பாலோ குழாயோ காப்பாற்ற வரவில்லை. தவறாகச் சொல்லிவிடுவோமோ என்று உள்ளுக்குள் ஒவ்வொரு சொல்லாகத் திறந்து பார்த்தான். எதுவும் சரியாகப் பொருந்தவில்லை. பொருந்தாததையே சொன்னான்.

"கலைஞ்சுடக் கூடாதுன்னு."

"எது?"

"தெரியல. பூட்டிட்டா அப்படியே இருக்கும்னு நெனச்சேன். திறந்து பாத்தா, வெயில் வந்து போயிருக்கு. மூலையில ஈரம். நான் பாக்கலைங்கிறதுக்காக அது நிக்கல." அவன் குரல் கொஞ்சம் தேய்ந்தது. "நீயும் அப்படித்தானே இருந்திருப்பே. பக்கத்துலயே. நான் பாக்கல."

அவள் ஜன்னல் பக்கம் போய் நின்றாள். முதுகுதான் தெரிந்தது. அழுகிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. திரும்பியபோது அவள் கண் அறை ஓரத்து டப்பாக்களின் மேல் இருந்தது.

"இதெல்லாம் என்ன?"

"தப்பாப் போனது."

"இத்தனையுமா?"

"ஒரு சொட்டு காவி கூடிப்போச்சு," என்றான், அது எல்லாவற்றுக்கும் விளக்கம் என்பது போல.

அவள் குனிந்து மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். மாம்பழம், பித்தளை, தவிடு, வாடின இலை. வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவளுக்கு எங்கிருந்தோ சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "இந்த மஞ்சள் ரூம்ல உக்காந்து பல்லு செஞ்சா ஊர்ல எல்லாருக்கும் சீக்குப் பல்லுதான்," என்றாள். அப்புறம் சிரிப்பு நின்று, முகம் யோசனையில் இறங்கியது. "ஊதா இருக்கா?"

சொட்டுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. மஞ்சளை மஞ்சளிலிருந்து எடுக்க முடியாது. ஆனால் அதன் தலையில் ஊதா விட்டால் இரண்டும் ஒன்றையொன்று தணித்துச் சாம்பலாகும். செய்கிற பல்லில் மஞ்சள் ஏறிவிட்டால் அவளும் அதைத்தான் செய்வாள். வெள்ளையைவிட, வெளிர்ச் சாம்பல் சுவர்தான் பல்லின் நிறத்தைப் பொய் சொல்லாமல் காட்டும் என்று அவள் சொன்னாள். அது அவனுக்குத் தெரியாத விஷயம்.

கடைச் சாவி அவனிடம்தான் இருந்தது. முதலாளியம்மாவுக்குப் போனில் சொல்லிவிட்டு, ஓடிப்போய் ஊதாச் சாயமும் ஒரு பெரிய டப்பா வெள்ளையும் கொண்டுவந்தான். அறை நடுவில் பெரிய வாளியை வைத்து, தப்பாய்ப் போனதையெல்லாம் ஒன்றாக ஊற்றினார்கள். முதலில் சேற்றைப் போல இருந்தது. அவன் ஊதாவை ஒரு சொட்டு விட்டான், நிறுத்தினான், அவளைப் பார்த்தான்.

"இன்னொண்ணு போடலாமா? கூடிட்டா?"

"கூடட்டும். வெள்ளை இருக்குல்ல."

அவன் வாழ்நாளில் முதல்முறையாக எண்ணாமல் விட்டான். அவள் ஒரு பலகைத் துண்டால் கிளறினாள். சுழியில் மஞ்சள் நூலும் ஊதா நூலும் ஒன்றையொன்று துரத்தி, மெலிந்து, எங்கே என்று தேடுவதற்குள் காணாமல் போயின. போகவில்லை, ஒவ்வொரு பொட்டும் அந்த வாளிக்குள்தான் இருந்தது. யாராலும் அதைத் தனியே எடுத்துக் காட்ட முடியாது, அவ்வளவுதான். வெள்ளையை ஊற்ற ஊற்ற, மழைக்கு முந்தைய வானம் போல ஒரு நிறம் மேலே வந்தது. இரண்டு பேரும் இதுவரை கலக்காத நிறம். அவள் பையிலிருந்து, நிறம் ஒப்பிட்டுப் பார்க்க வரிசையாகப் பொய்ப்பல் குத்திய ஒரு பட்டையை எடுத்துக் குச்சி நுனியோடு வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு பல்லும் தன் தன் வெள்ளையோடு தனித்தனியாகத் தெரிந்தது.

மச்சினன் டீயோடு வந்தான். வாளியைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். சொல்வதற்கு அவனிடம் என்னவோ நிறைய இருந்தது. ஆனால் டம்ளர்களைப் படியில் வைத்துவிட்டு, தன்னுடையதை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டான்.

அவள் ஒரு தூரிகையை எடுத்து ஜன்னலை ஒட்டி முதல் கோடு இழுத்தாள். அவன் இன்னொன்றை எடுத்து எதிர்ச்சுவருக்குப் போனான். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே சொட்டு பேச ஆரம்பித்தான்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில உன்னை உள்ளே கூட்டிட்டுப் போனாங்கல்ல. என்னை வெளியில உக்காரச் சொன்னாங்க. எதிர்ல ஒரு சுவரு. பச்சை. ரெண்டு கோட் அடிக்க வேண்டியதை ஒரு கோட்ல விட்டிருந்தாங்க. நான் அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். நர்ஸ் வந்து பேரைக் கூப்பிட்டாங்க. எனக்கு எந்திரிக்க முடியல."

தூரிகையிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது. அவன் அதைத் துடைக்கக் குனியவில்லை.

அவள் தூரிகையை வாளியில் தோய்த்து, விளிம்பில் வழித்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்புறம்?" என்று கேட்டாள்.

அப்புறம் என்ன நடந்தது என்று அவன் சொல்ல ஆரம்பித்தான்.